சுவரில் யாருக்கு இடம்?

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், தென்கிழக்குப் பகுதியில், லட்லோ தெருவும் எசெக்ஸ் தெருவும் அடுத்தடுத்து இணையாகச் செல்கின்றன. கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகள் ஒரு காலத்தில் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி இது. லட்லோ தெருவில், நிலக்கரி கொட்டி வைக்கும் ஒரு நிலவறையில் யூதத் தொழிலாளி ஒருவர் வாழ்ந்து வந்தார். ஓய்வுநாள் தொடங்கவிருக்கும் மாலை நேரம். அழுக்கடைந்த சுவர்களுக்கு நடுவே ஒரு சிறு மேசை. அதன்மேல் ஓய்வுநாளுக்குரிய ரொட்டி. அதன்முன் அவர் அமர்ந்திருக்கிறார். ஜேக்கப் ரீஸ் என்னும் செய்தியாளர் 1890களில் எடுத்த இந்தப் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது.

அடுத்த தெருவான எசெக்ஸ் தெருவில், 79ஆம் எண்ணில், 2020ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அனைத்துலகப் புகைப்பட மையம் தன் புதிய இல்லத்தைத் திறந்தது. உயர்ந்த அறைகள், வெண்மையான சுவர்கள், அளவாக விழும் ஒளி. புகைப்படத்தை நின்று நிதானமாகப் பார்ப்பதற்கென்றே அமைந்த இடம்.

ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு நடந்து செல்லச் சில நிமிடங்கள் போதும். ஆனால், நிலவறையில் அமர்ந்திருந்த அம்மனிதரைப் போன்றோரின் முகங்கள் ஒரு காட்சிக்கூடத்தின் சுவரை வந்தடைய எடுத்துக்கொண்ட காலம் மிக நீண்டது. வந்தடைந்த பிறகும், அந்த முகங்களுக்கு உரியவர்கள் அச்சுவரில் உண்மையாகவே இடம் பெற்றார்களா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. நியூயார்க்கின் பழைய, புதிய காட்சிக்கூடங்களின் முகவரிகள் வழியாக அக்கேள்வியோடு சற்றே நடந்து பார்ப்போம்.

திரையில் தோன்றிய முகங்கள்

ஜேக்கப் ரீஸ் 1849இல் டென்மார்க் நாட்டில் பிறந்தவர். 1870இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். வேலை கிடைக்காமல் அலைந்த நாள்களில், காவல் நிலையங்களில் வீடற்றோருக்கென இருந்த தங்கும் அறைகளில் இரவைக் கழித்தவர் அவர். பின்னர் காவல்துறைச் செய்திகளைத் திரட்டும் நிருபரானார். ஏழைகள் வாழ்ந்த இருண்ட அறைகளைப் பற்றி எவ்வளவு எழுதியும் எவரும் அசையவில்லை. அந்நிலையில், ஒரு வகைப் பொடியைக் கொளுத்தி இருளிலும் படமெடுக்கும் முறை ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டதை 1887இல் செய்தித்தாளில் படித்தார். அன்றே அவருக்கு வழி புலப்பட்டது.

1888 முதல், தாம் எடுத்த படங்களைக் கண்ணாடி வில்லைகளாக்கி, மாய விளக்கு எனப்பட்ட கருவியின் துணையோடு திரையில் வீழ்த்திக் காட்டிச் சொற்பொழிவாற்றினார். புகைப்படச் சங்கத்தில் தொடங்கிய இப்பணி ஆலயங்களுக்கும் விரிந்தது. வசதி படைத்தோர் அமர்ந்திருந்த இருட்டறையில், அவர்கள் ஒருநாளும் நுழைந்திராத சந்துகளின் முகங்கள் ஆளுயரத்துக்குத் தோன்றின. 1890இல் ‘மறுபாதி மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவரது நூல் வெளிவந்தது. அவர் படம்பிடித்த மல்பெரி பெண்ட் என்னும் குடியிருப்புப் பகுதி பின்னர் இடிக்கப்பட்டு, அங்கே 1897இல் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது.

அந்நூலில் அவரே சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் பார்வையற்ற இரவலர் ஐவரைப் படமெடுக்கச் சென்றார். பொடியைக் கொளுத்தியபோது தீப்பொறி பறந்து, சுவரில் தொங்கிய கந்தலையும் காகிதத்தையும் பற்றிக்கொண்டது. கண் தெரியாத அந்த ஐவருக்கும் தங்களைச் சூழ்ந்த ஆபத்து தெரியவில்லை. ரீஸ் தனியாகப் போராடித் தீயை அணைத்தார். பின்பு தெருவிலிருந்த காவலரிடம் அதைச் சொன்னபோது காவலர் சிரித்தாராம். அந்த வீடு ஏற்கெனவே பலமுறை தீப்பிடித்தும் எரியாமல் தப்பியது. எரிய முடியாத அளவுக்கு அதில் அழுக்கு மண்டியிருக்கிறது என்றாராம்.

படமெடுப்பவரின் வெளிச்சம் படமாகிறவருக்குத் தீங்காகவும் முடியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ரீஸின் நோக்கம் நல்லது. அவரால் விளைந்த நன்மையும் உண்மை. ஆயினும், உறங்கிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் முன்னறிவிப்பின்றி நுழைந்து பொடியைக் கொளுத்தியவர் அவர். சீனர், இத்தாலியர், யூதர் என இனம் இனமாகப் பிரித்து இழித்துரைக்கும் பக்கங்களும் அவர் நூலில் உள்ளன. இரண்டையும் நாம் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

தம் படங்களைக் கலை என அவர் ஒருபோதும் எண்ணியதில்லை. 1914இல் அவர் இறந்த பின், கண்ணாடித் தகடுகள் குடும்ப வீட்டின் பரணில் கிடந்தன. அலெக்சாண்டர் அலண்ட் என்ற புகைப்படக் கலைஞரின் விடாமுயற்சியால் அவை 1946இல் நியூயார்க் நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. மறு ஆண்டு அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. நிலவறையிலிருந்து சுவருக்கு வர, அந்த முகங்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தன.

மூன்று சிறிய அறைகள்

ரீஸ் இருட்டறைகளில் அலைந்த அதே காலத்தில், நகரின் மறுகோடியில் வேறொரு போராட்டம் நடந்தது. 1888இல் கோடக் நிறுவனம் எளிய கேமரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நூறு படங்கள் எடுத்து முடித்ததும் கேமராவோடு தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால் போதும். அவர்களே படங்களைக் கழுவி அனுப்பிவைப்பர். 1900இல் ஒரு டாலருக்கே கேமரா கிடைத்தது. புகைப்படம் எல்லார் கைக்கும் வந்தது. அதனாலேயே அது கலையன்று, வெறும் பொறியின் வேலை என்ற ஏளனமும் வலுத்தது.

இந்த ஏளனத்தை எதிர்த்து எழுந்தவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். 1902இல் ஒத்த கருத்துடைய புகைப்படக் கலைஞர்களைக் கொண்டு ஓர் அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு ‘கேமரா ஒர்க்’ என்னும் காலாண்டிதழை வெளியிடலானார். 1905 நவம்பரில், ஐந்தாம் அவென்யூ 291ஆம் எண் கட்டடத்தின் மேல்தளத்தில், தம் நண்பர் எட்வர்ட் ஸ்டைக்கன் முன்பு பயன்படுத்திய மூன்று சிறிய அறைகளைக் காட்சிக்கூடமாக மாற்றினார். நாளடைவில் கதவு எண்ணே அதன் பெயராயிற்று. 1908இல் வாடகைச் சிக்கலால் அடுத்த கட்டடத்துக்கு மாறிய பின்னும் பெயர் மாறவில்லை.

சாக்குத்துணி ஒட்டிய சுவர்கள், நடுவே பெரிய பித்தளைக் கிண்ணம், மேலிருந்து வடிந்து இறங்கும் மென்மையான ஒளி. ஒவ்வொரு படத்துக்கும் தனிச் சட்டம். சுற்றிலும் போதிய வெற்றிடம். ஓவியத்துக்குத் தரப்படும் மரியாதையைப் புகைப்படத்துக்கும் தர வேண்டும் என்பதைச் சொற்களால் வாதிடாமல் சுவரைக் கொண்டே ஸ்டீக்லிட்ஸ் வாதிட்டார். ரொடான், மத்தீஸ், செசான், பிக்காசோ முதலியோரின் படைப்புகளையும் அதே அறைகளில் அமெரிக்க மக்களுக்கு அறிமுகம் செய்தார். நுழைவுக் கட்டணம் இல்லை. நேரமும் ஆர்வமும் உடையவர் எவரும் மேலேறி வரலாம்.

ஆனால், அந்தச் சுவரில் எத்தகைய முகங்களுக்கு இடமிருந்தது? 1907ஆம் ஆண்டு கோடையில், ஒரு நீராவிக் கப்பலின் முதல் வகுப்புத் தளத்தில் பயணம் செய்த ஸ்டீக்லிட்ஸ், கீழ்த்தளத்தில் நெருங்கி நின்ற ஏழைப் பயணிகளைப் படமெடுத்தார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற படம் அது. வட்டமான வைக்கோல் தொப்பி, சாய்ந்த புகைபோக்கி, குறுக்கே செல்லும் வெண்ணிறப் பாலம் ஆகிய வடிவங்களின் ஒழுங்கே தம்மை ஈர்த்ததாக அவர் எழுதினார். அமெரிக்காவை நம்பி வந்து சேரும் குடியேறிகளின் படம் என்றே பலரும் அதை எண்ணி வந்தார்கள். உண்மையில் அக்கப்பல் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றுகொண்டிருந்தது. அம்மக்கள் திரும்பிச் செல்பவர்கள். எதனால் திரும்பினார்கள், எதை இழந்தார்கள் என்பதைப் படம் சொல்வதில்லை. மேல்தளத்தில் நின்றவர் கேட்கவுமில்லை.

ஆசிரியரும் மாணவரும்

அதே 1907இல் பள்ளி மாணவர் குழுவொன்று ஆசிரியருடன் 291க்கு வந்தது. ஆசிரியரின் பெயர் லூயிஸ் ஹைன். மாணவருள் ஒருவர் பால் ஸ்ட்ராண்ட். அச்சுவர்களைப் பார்த்த அன்றே தாமும் புகைப்படக் கலைஞராவது என்று ஸ்ட்ராண்ட் முடிவு செய்தார். ஆசிரியர் சென்ற வழி வேறு. மாணவர் சென்ற வழி வேறு.

ஹைன் ஏற்கெனவே எல்லிஸ் தீவில் வந்திறங்கும் குடியேறிகளைப் படமெடுத்து வந்தார். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக நாடெங்கும் சுற்றினார். அக்காலத்தில், 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 17½ லட்சம் பேர் அங்கே உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆலை முதலாளிகள் கேமராவை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே ஹைன் காப்பீட்டு முகவராகவும், அஞ்சலட்டை விற்பவராகவும், விவிலியம் விற்பவராகவும் வேடமிட்டு நுழைந்தார். தம் மேற்சட்டைப் பொத்தான்களின் உயரத்தை முன்பே அளந்து வைத்துக்கொண்டு, அருகில் நிற்கும் குழந்தையின் உயரத்தைக் கணித்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே குறிப்பெழுதினார். தென் கரோலினாவில் ஒரு நூற்பாலையில் 1908இல் எடுத்த படத்துக்கு அவர் எழுதிய குறிப்பில் சிறுமியின் பெயர் ஸேடி ஃபைஃபர் என்றும், உயரம் 48 அங்குலம் என்றும், அரையாண்டாக வேலை செய்கிறாள் என்றும் இருக்கிறது. தறிகளைப் போன்று நெடிதாக நீளும் பொறிகளின் வரிசைக்கு நடுவே அவள் எவ்வளவு சிறியவள் என்பதைக் கண் சொல்கிறது. அவள் யார் என்பதைக் குறிப்பு சொல்கிறது.

ஸ்ட்ராண்டின் படங்களை 1916 மார்ச்சில் ஸ்டீக்லிட்ஸ் 291இல் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு ஸ்ட்ராண்ட் நியூயார்க் தெருக்களில், கேமராவின் பக்கவாட்டில் போலி வில்லை ஒன்றைப் பொருத்தி, வேறெங்கோ நோக்குவதுபோல் பாவனை செய்து, அறியாதவர்களை அண்மையில் படமெடுத்தார். அப்படங்களில் தலையாயது ஒரு பார்வையற்ற பெண்மணியின் முகம். கழுத்தில் ‘பார்வையற்றவர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் எழுதிய அட்டை. ஆடையில் தெருவில் பொருள் விற்க நகராட்சி வழங்கிய உரிமத் தகடு. தகட்டின் எண் 2622. எண்ணைப் படிக்க முடிகிறது. பெயர்தான் இல்லை.

1917 ஜூனில் வெளிவந்த ‘கேமரா ஒர்க்’ கடைசி இதழ் முழுவதும் ஸ்ட்ராண்டுக்கே அளிக்கப்பட்டது. இப்படமும் அதில் இடம்பெற்றது. அப்போது இதழின் சந்தாதாரர் நாற்பது பேருக்கும் குறைவு. போரின் நெருக்கடியில் 291ஆம் எண் காட்சிக்கூடமும் அதே ஆண்டு மூடப்பட்டது.

ஆசிரியரின் படங்களோ அந்தச் சுவரில் ஏறவில்லை. அவை துண்டுப் பிரசுரங்களிலும் சட்டமன்ற விவாதங்களிலும் பணியாற்றின. 1916இல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று வந்தது. 1918இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 1938இல்தான் நிலையான சட்டம் பிறந்தது. 1939இல் ரிவர்சைடு அருங்காட்சியகத்தில் ஹைனின் வாழ்நாள் பணியைத் தொகுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அவர் வறுமையில் இறந்தார். அவரது படங்களைப் ‘ஃபோட்டோ லீக்’ என்னும் எளியோரின் சங்கம் பெற்றுக்கொண்டது. குறைந்த கட்டணத்தில் வகுப்பும் தனக்கெனச் சிறு காட்சிக்கூடமும் நடத்திய சங்கம் அது. 1947இல் அரசு அதை நாட்டுப்பற்றற்ற அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. 1951இல் சங்கம் கலைந்தது. ஹைனின் படங்கள் ராச்செஸ்டர் நகரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்தை அடைந்தன.

ஒரே குடும்பம்

நகரின் நடுப்பகுதியில், மேற்கு 53ஆம் தெருவில், நவீனக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1937இல் போமன்ட் நியூஹால் அங்கே புகைப்படத்தின் நூறாண்டு வரலாற்றை எண்ணூறுக்கும் மேற்பட்ட காட்சிப் பொருள்களால் விளக்கினார். 1940இல் அருங்காட்சியகத்தில் புகைப்படத்துக்கெனத் தனித்துறை தொடங்கப்பட்டது. புகைப்படம் கலையா என்ற வழக்கு அத்துடன் ஏறத்தாழ முடிந்தது எனலாம்.

அத்துறைக்குப் பின்னர் தலைமையேற்றவர், 291இன் அறைகளை நண்பருக்கு அளித்த அதே ஸ்டைக்கன். 1955 ஜனவரி 24 அன்று ‘மனிதக் குடும்பம்’ என்னும் கண்காட்சியை அவர் திறந்து வைத்தார். 68 நாடுகள், 273 புகைப்படக் கலைஞர்கள், 503 படங்கள். படங்களுக்குச் சட்டம் இல்லை. சில கூரையிலிருந்து தொங்கின; சில சுவரளவுக்குப் பெரிதாயிருந்தன. காதல், பிறப்பு, உழைப்பு, விளையாட்டு, துயரம், இறப்பு எனப் பார்வையாளர் அவற்றினூடே நடந்து சென்றார்கள். ஹைட்ரஜன் குண்டு வெடிப்பின் பெரிய வண்ணப்படம் தனியறையில் அச்சமூட்டியது. உலகப் போரின் நினைவு ஆறாத தலைமுறைக்கு, மானிடர் யாவரும் ஓரினம் என்ற செய்தி மருந்தாயிற்று. பல நாடுகளைச் சுற்றிவந்த அக்கண்காட்சி இந்திய நகரங்களுக்கும் வந்தது. ஏறத்தாழ 90 லட்சம் பேர் கண்டதாகக் கணக்கு. 1994 முதல் லக்சம்பர்க் நாட்டின் கிளெர்வோ கோட்டையில் அது நிரந்தரமாக இடம் பெற்றிருக்கிறது.

எனினும் அதன் வரலாற்றில் ஒரு வெற்றிடம் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் மரத்தோடு சங்கிலியால் பிணைத்துக் கொல்லப்பட்ட கறுப்பின மனிதர் ஒருவரின் படம் தொடக்கத்தில் அங்கே இருந்தது. பார்வையாளரின் கவனம் முழுவதையும் அது ஈர்த்து, கண்காட்சியின் ஓட்டத்தைக் குலைக்கிறது என்று கருதிச் சில வாரங்களிலேயே அகற்றிவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொலையுண்டான். கண்காட்சி பாரிஸ் சென்றபோது பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த், மனிதக் குடும்பத்தைப் பற்றி அச்சிறுவனின் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கலாமே எனச் சுட்டிக்காட்டினார். எல்லாரும் பிறக்கிறார்கள், எல்லாரும் இறக்கிறார்கள் என்பது உண்மைதான். எப்படிப் பிறந்தார்கள், யாரால் இறந்தார்கள் என்பதை அந்த ஒற்றுமை மறைத்துவிடக் கூடாது என்பதே அவர் கருத்து. குடும்பம் என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்தும் நாமும் இந்தக் கேள்விக்கு விலக்கானவர்கள் அல்லர்.

காப்பிக் கடையும் குடியிருப்பும்

பெரிய அருங்காட்சியகம் மட்டும் இவ்வரலாற்றை நடத்தவில்லை. புகைப்படத்தில் உள்ள குறைகளைக் கையால் திருத்தும் தொழில் செய்து, தனியாக மகளை வளர்த்து வந்த ஹெலன் ஜீ என்ற பெண்மணி, 1954இல் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், ஏழாம் அவென்யூவின் தென்பகுதியில், ‘லைம்லைட்’ என்னும் காப்பிக் கடையைத் திறந்தார். கடைக்குள்ளேயே புகைப்படக் காட்சிக்கூடம். சில பத்து டாலர்களே விலையென்றாலும் படங்களை வாங்குவார் அரிது. காப்பி விற்ற பணமே சுவரைக் காத்தது. ஏழாண்டுகள் தாக்குப்பிடித்து 1961இல் அது மூடப்பட்டது. இன்று பெரும்புகழ் பெற்றுள்ள பலரின் படங்கள் அக்காலத்தில் அங்கே காப்பி மணத்தோடு தொங்கின.

1955இல் ராய் டிகராவா என்னும் கறுப்பினப் புகைப்படக் கலைஞர், மேற்கு 84ஆம் தெருவில் தாம் வசித்த குடியிருப்பிலேயே ஒரு காட்சிக்கூடம் தொடங்கினார். ‘மனிதக் குடும்பம்’ கண்காட்சியிலும் அவர் படங்கள் இடம்பெற்றிருந்தன. ஆனாலும் தனிச்சுவர் ஒன்றை அவர் அமைத்துக்கொண்டார். அதுவும் ஓரிரு ஆண்டுகளே நீடித்தது.

1969 ஜனவரியில், மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் ஹார்லெம் பகுதியின் வரலாற்றைப் புகைப்படங்களால் காட்டும் பெரிய கண்காட்சியைத் திறந்தது. கறுப்பின மக்களின் வாழ்க்கையைக் காட்டிய அக்கண்காட்சியில், கறுப்பின ஓவியர், சிற்பி எவருடைய படைப்பும் வைக்கப்படவில்லை. ஹார்லெம் மக்களின் ஆலோசனைக்கும் உரிய மதிப்பு இல்லை. வாயிலில் கண்டனக் கூட்டம் நின்றது. அதில் பங்கேற்க மறுத்த டிகராவாவும் கண்டனம் செய்தோருள் ஒருவர்.

அக்கண்காட்சியால் ஒரு நன்மையும் விளைந்தது. ஹார்லெமில் அரை நூற்றாண்டாக ஸ்டூடியோ நடத்தி வந்த ஜேம்ஸ் வான்டர்ஸீ என்னும் முதியவரை உலகம் அறிந்தது. அவர் முன் அமர்ந்தவர்கள் பணம் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டவர்கள். மணமக்கள், போர்வீரர், சபையார், சங்கத்தார் எனத் தங்களுக்குப் பிடித்த உடையில், தாங்கள் காட்டிக்கொள்ள விரும்பிய தோற்றத்தில், கேமராவை நேராகப் பார்த்தார்கள். ரீஸின் பொடி வெளிச்சத்தில் திடுக்கிட்டு விழித்த கண்களையும், வான்டர்ஸீயின் முன் நிமிர்ந்திருக்கும் இந்தக் கண்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. ஆயினும், புகழ் வந்த அதே ஆண்டில் அவர் தம் இல்லத்திலிருந்து வெளியேற்றப்பட்டார் என்பதும் வரலாறே. 1983இல் அவர் மறைந்தார். 2021இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் ஹார்லெமின் ஸ்டூடியோ அருங்காட்சியகமும் இணைந்து அவரது படத்தொகுப்பைப் பெற்றுக்கொண்டன.

அக்கறையின் சுவர்

ராபர்ட் காப்பா என்ற புகழ்பெற்ற போர்க்களப் புகைப்படக் கலைஞர் 1954இல் இந்தோசீனாவில் கண்ணிவெடியில் இறந்தார். அதே மாதத்தில், 1951ஆம் ஆண்டுப் பீகார்ப் பஞ்சத்தைப் படமெடுத்து உலகுக்குக் காட்டிய வெர்னர் பிஷோஃப் பெரு நாட்டு மலைச்சாலை விபத்தில் மறைந்தார். ராபர்ட்டின் தம்பி கார்னல் காப்பா, அண்ணனோடும் நண்பர்களோடும் அவர்கள் எடுத்த படங்களும் மறைந்துவிடக் கூடாது எனத் துணிந்தார். 1967இல் ‘அக்கறையுள்ள புகைப்படக் கலைஞர்’ என்னும் கண்காட்சியை ஏற்பாடு செய்தார். இடம், ஹைனுக்குக் கடைசி மரியாதை செய்த அதே ரிவர்சைடு அருங்காட்சியகம். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1974இல் ஐந்தாம் அவென்யூவில் அனைத்துலகப் புகைப்பட மையம் பிறந்தது. பலமுறை இடம் மாறி, இறுதியில் எசெக்ஸ் தெருவுக்கு வந்து சேர்ந்த மையம் இதுவே.

2001 செப்டம்பர் 11 அன்று நகரின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தன. காணாமற்போனோரின் குடும்பத்தார், திருமணத்திலும் பிறந்தநாளிலும் எடுத்த படங்களைப் பிரதியெடுத்து, பெயரும் அடையாளமும் எழுதி, நகரெங்கும் ஒட்டினார்கள். லைம்லைட் இருந்த ஏழாம் அவென்யூவிலேயே, சில தெருக்கள் வடக்கே, அருள்சகோதரியர் 1849இல் நிறுவிய புனித வின்சென்ட் மருத்துவமனை அப்போது இருந்தது. அதன் அருகிலிருந்த சுவர்கள் அத்தகைய முகங்களால் நிறைந்தன. எந்தக் காட்சிக்கூடத்திலும் இல்லாத ஒன்று அச்சுவரில் இருந்தது. ஒவ்வொரு முகத்தின் கீழும் அந்த முகத்துக்குரியவரின் பெயர். படமெடுத்தவர் யார் என்பதை எவரும் கேட்கவில்லை.

இரு வாரங்கள் கழித்து, செப்டம்பர் 25 அன்று, பிரின்ஸ் தெரு 116ஆம் எண்ணில், காலியாகக் கிடந்த ஒரு கடையில் ஒரு கண்காட்சி தொடங்கியது. ‘இதுவே நியூயார்க்: புகைப்படங்களின் மக்களாட்சி’ என்பது அதன் பெயர். எவரும் தாம் எடுத்த படத்தைக் கொண்டுவந்து தரலாம். யாவும் ஒரே முறையில் அச்சிடப்பட்டு, கம்பிகளில் கவ்விகளால் தொங்கவிடப்பட்டன. சட்டமோ கலைஞரின் பெயரோ இல்லை. புகழ்பெற்றவர் எடுத்த படமும் சாதாரண மனிதர் எடுத்த படமும் அருகருகே. எல்லாவற்றுக்கும் ஒரே விலை, 25 டாலர். வருவாய் குழந்தைகள் நலனுக்குச் சென்றது. மக்கள் தெருவில் வரிசையாக நின்று உள்ளே சென்றார்கள். நூறாண்டுகளாகக் கலைஞரின் பெயருக்காகப் போராடிய நகரம், தன் துயரத்தின் நாள்களில் அப்பெயரைத் தானாகவே கழற்றி வைத்தது.

எஞ்சும் வெற்றிடம்

இன்று புகைப்படத்தின் மதிப்பு குறித்து எவருக்கும் ஐயமில்லை. ஸ்டைக்கன் எடுத்த நியூயார்க் கட்டடம் ஒன்றின் படம் 2022 நவம்பரில் ஒரு கோடியே 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. காப்பி விற்றுச் சுவரைக் காத்த ஹெலன் ஜீ அதைக் காண இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

பெருநகர் ஒன்றின் காட்சிக்கூடத்துக்குள் நுழையும்போது, படத்தின் அழகை நாம் வியப்பது இயல்பு, அதில் தவறில்லை. ஸ்டீக்லிட்ஸ் கற்றுத்தந்த அந்த அமைதியான பார்வை ஒரு கொடை. அதனோடு ஹைன் கற்றுத்தந்ததையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இவர் யார்? இவரிடம் கேட்டுத்தான் எடுத்தார்களா? இந்தப் படத்தால் இவருக்கு என்ன கிடைத்தது? இவற்றைக் கேட்டுக்கொண்டு நிற்பவர் ஒரு படத்தின் முன் சற்று அதிக நேரம் நிற்பார்.

ஸ்ட்ராண்ட் எடுத்த பார்வையற்ற பெண்மணியின் படம் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளது. படத்துக்குரிய குறிப்பில் எடுத்தவரின் பெயர் இருக்கிறது. எடுத்த ஆண்டு இருக்கிறது. அச்சிட்ட முறை இருக்கிறது. அது வந்து சேர்ந்த ஸ்டீக்லிட்ஸ் தொகுப்பின் பெயரும் இருக்கிறது. 2622 என்ற எண்ணை அவரே அணிந்திருக்கிறார். ஸேடி என்ற சிறுமியின் பெயரைச் சட்டைப் பைக்குள் கைவிட்டு எழுதிய ஆசிரியரின் மாணவர், இவரிடம் அதைக் கேட்கவில்லை. அந்த ஒரு வெற்றிடத்தைக் கண்டுகொள்வதற்காகவேனும் அந்தப் படத்தின் முன் ஒருமுறை போய் நிற்கலாம்.